சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி, ஓர் உளவியலாளரைப் பேட்டி எடுத்து வர

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கார் மோதும் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். எல்லாரும் பார்த்தது அதே படத்துண்டுகள்தான். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்குச் சுமார் 40 மைல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சுமார் 32 என்றார்கள். கேள்வியில் உள்ள சொல்லே பதிலை வளைத்துவிடும் என்று கண்டுபிடித்த துறையைச் சேர்ந்தவர் முன்னால் போய் உட்கார்ந்து, “அந்தக் காலத்தில் உங்களை யாரும் நம்பியிருக்க மாட்டார்களே, ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீர்களே?” என்று தொடங்கினால் அவர் மனத்துக்குள் சிரித்துக்கொள்வார். ஆகவே ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் கேள்வித்தாள் தயாராக வேண்டும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து கிளம்புகிற மாணவர்கள், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்க மலர் தயாரிப்பவர்கள், வாசகர் வட்டத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். குளுவாங், பஹாவ் பக்கம் இருப்பவர்கள் பயண விவரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

யாரைப் பார்ப்பது

நம் ஊரில் ‘மனோதத்துவ டாக்டர்’ என்ற ஒரே பெயரில் நான்கு வகை ஆட்களை அழைக்கிறோம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்து மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் செய்பவர். மலேசியாவில் அவர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் வருகிறார். ஆலோசகருக்கு 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் (சட்டம் 580) தனியாக இருக்கிறது. ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். நான்காமவர் ஆய்வு உளவியலாளர். நினைவு, கவனம், குழந்தை வளர்ச்சி, வேலையிட நடத்தை என்று ஒன்றை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்பவர். நோயாளியையே பார்க்காதவராகவும் இருக்கலாம். அவரிடம் போய் “என் பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறான்” என்று தொடங்கினால் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் (உத்தார்) இருக்கிறது. அங்கே உளவியல், ஆலோசகத் துறை உண்டு. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். தெற்கே போனால் பாங்கியில் யு.கே.எம். (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்), கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், பண்டார் சன்வேயில் சன்வே, மோனாஷ் இரண்டும், செமினியில் நாட்டிங்ஹாம், கோலாலம்பூரில் ஹெல்ப். மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆங்கில ஆய்விதழில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறவர் ஒருவராக இருப்பார். இந்த நாட்டில் முதல் மாணவர் வரிசையைப் பயிற்றுவித்து, பாடத்திட்டத்தை உட்கார்ந்து எழுதியவர் வேறொருவராக இருப்பார். வாழ்க்கைப் பணியைக் கேட்கப் போகிறவருக்கு இரண்டாமவரிடம்தான் சரக்கு அதிகம்.

பட்டியலில் வயதானவரை முதலில் வையுங்கள். உளவியலின் பெரிய பெயர்களான ஆல்பர்ட் பண்டுரா 2021இலும், எண்டல் டல்விங் 2023இலும், டேனியல் கானமன், பிலிப் ஜிம்பார்டோ இருவரும் 2024இலும் இறந்துவிட்டார்கள். இளைய ஆய்வாளர் அடுத்த ஆண்டும் இருப்பார்.

வெளிநாட்டு அறிஞர் என்றால், அவரை யாராவது முன்பே விரிவாகப் பேட்டி எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அமெரிக்காவின் ஏக்ரன் பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கிய உளவியல் வரலாற்று ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவன்ஸ் 1957இலேயே சூரிச்சுக்குப் போய் புகழ்பெற்ற உளவியலாளர் கார்ல் யுங்கைப் படம் பிடித்துப் பேட்டி எடுத்திருக்கிறார். பழைய பேட்டிகளைப் பார்ப்பதன் பயன் ஒன்றுதான்: அவர் ஐம்பது தடவை சொன்ன கதை எது என்று தெரிந்துவிடும். அந்தக் கதையை ஐம்பத்தோராவது தடவை கேட்க விமானச் செலவு வேண்டாம்.

போவதற்கு முன் படிக்க வேண்டியது

ஒருவருக்கு ஐந்து கட்டுரை போதும், ஆனால் சரியான ஐந்து: அவருடைய முதல் கட்டுரை, அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது, அவரை மறுத்து மற்றவர் எழுதியது, அவரே கருத்தை மாற்றிக்கொண்டது, கடைசியாக வெளியானது. கூகுள் ஸ்காலரில் பெயரைப் போட்டு ஆண்டு வாரியாக அடுக்கினால் முதலும் கடைசியும் கிடைக்கும். காசு கேட்கும் தளத்தில் மாட்டிக்கொண்டால், ஆசிரியரின் சொந்தப் பக்கத்திலோ சைஆர்க்கைவ் தளத்திலோ இலவசப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அவருக்கே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். பேட்டி கேட்கும் கடிதத்துக்கு அது நல்ல முன்னோட்டமும் ஆகும்.

மறுத்து எழுதியதைத் தேடாமல் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 2015இல் ஒரு பெரிய ஆய்வுக் கூட்டணி உளவியலின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. முன்புபோலவே புள்ளியியல் ரீதியாகத் தெளிவான முடிவு வந்தது ஏறக்குறைய 36 விழுக்காட்டில்தான். மனவலிமை தசையைப் போலக் களைத்துவிடும் என்ற 1998ஆம் ஆண்டு ஆய்வு, 2016இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்த சோதனையில் தேறவில்லை. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த 1971இன் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை மீது 2018இல் கடும் விமர்சனம் எழுந்தது. இதையெல்லாம் தெரியாமல் பாடநூலில் உள்ளபடி புகழ்ந்து கேட்டால் நீங்கள் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு முரட்டுத்தனமாகக் கேட்டால் கதவு சாத்திவிடும். “இந்த முடிவை இன்று எழுதினால் எதை மாற்றி எழுதுவீர்கள்?” என்ற கேள்வி நடுவழி. கானமன் தன் நூலில் தூண்டல் ஆய்வுகளை (முன்பு பார்த்த ஒரு சொல் பின்னால் நடத்தையை மாற்றும் என்பவை) அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொள்ளக் கூடியவர்கள் இந்தத் துறையில் உண்டு. ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

படித்ததை ஒரே பக்கத்தில் கால வரிசையாக எழுதுங்கள்: பிறந்த ஊர், பட்டங்கள், வேலை மாறிய ஆண்டுகள், கூட்டு ஆசிரியர்கள், பெரிய கட்டுரைகள். கூட்டு ஆசிரியர் பெயர் திடீரென்று காணாமல் போகும் ஆண்டைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அங்கே ஒரு கேள்வி இருக்கிறது.

கடிதம்

மின்னஞ்சல் 150 சொல்லுக்குள் இருக்கட்டும். நீங்கள் யார், எங்கே வெளியாகும், அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த விஷயம் உங்களை இழுத்தது, எத்தனை நிமிடம் வேண்டும், எந்த மூன்று தேதிகளில் வர முடியும். இவ்வளவுதான். 60 நிமிடம் கேளுங்கள். 90 நிமிடம் கிடைத்தால் அவர் தருவது. போவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் அனுப்பி, பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், இன்னும் இரண்டு வாரம் கழித்துத் துறைச் செயலாளர் வழியாக ஒன்று. அதற்கு மேல் தொந்தரவு. முதல் தொடர்பைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்யவே வேண்டாம்.

அழைக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். டத்தோ, டான்ஸ்ரீ பட்டம் இருந்தால் விடக் கூடாது. ‘பேராசிரியர் டத்தோ டாக்டர்’ என்று வரிசையாகவே எழுத வேண்டும். அமினா பிந்தி யூசோப் என்று பெயர் இருந்தால் அவர் பேராசிரியர் அமினா; யூசோப் அவருடைய தந்தை. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். வெள்ளைக்காரருக்குப் பின்னால். நம்மவர் என்றால் நேரில் ‘ஐயா’, ‘அம்மா’ இயல்பாக வரும், அதில் தவறில்லை. ஆனால் முதல் கடிதத்தில் ‘பேராசிரியர்’ போட்டுவிடுங்கள். இணைப் பேராசிரியரைப் பேராசிரியர் என்று எழுதினால் அவர் திருத்த மாட்டார். படிக்கும் சக ஊழியர்கள் திருத்துவார்கள்.

தேதி குறிக்கும்போது வெள்ளிக்கிழமை நண்பகல் 12.15 முதல் 2.45 வரை தவிர்க்கவும். நோன்பு மாதத்தில் காலை 10 மணி நல்லது. தேநீர்க் கடைச் சந்திப்பு வேண்டாம். தேர்வுத் தாள் திருத்தும் வாரங்களில் யாருக்கும் பொறுமை இருக்காது.

பயணம்

முதலில் ஒரு கேள்வி: நேரில் போகத்தான் வேண்டுமா? தேதி, பெயர் சரிபார்க்க மட்டும் என்றால் காணொளி அழைப்பு போதும். அலமாரியில் இருக்கும் பழைய குறிப்பேடு, ஆய்வகக் கருவி, சுவரில் தொங்கும் 1970களின் குழுப்படம் ஆகியவற்றைக் காட்டிப் பேச வைக்க வேண்டுமென்றால் போக வேண்டும். ஒரு புகைப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிறவர் கேள்வித்தாளில் இல்லாத பத்துப் பெயர்களைச் சொல்வார்.

சில இ.டி.எஸ். (மின்சார விரைவு) ரயில்கள் சுங்கை சிப்புட்டில் நிற்கும், எல்லாம் நிற்காது. நேரம் பொருந்தாவிட்டால் ஈப்போ போய் ஏறுங்கள். ஈப்போவிலிருந்து கேஎல் சென்ட்ரல் சுமார் இரண்டரை மணி நேரம். கம்பாரும் தஞ்சோங் மாலிமும் அதே தடத்தில் இருப்பதால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். விரைவுப் பேருந்தை விரும்புகிறவர்கள், ஈப்போவில் அது அமான்ஜெயா முனையத்திலிருந்து புறப்படுகிறது, ரயில் நிலையத்தின் பக்கத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தீபாவளி, பள்ளி விடுமுறை வாரங்களில் ரயில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பேட்டித் தேதி உறுதியான அன்றே வாங்குங்கள்.

பாங்கிக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். கொமுட்டர் ரயிலில் யு.கே.எம். நிலையத்தில் இறங்கலாம். வரைபடத்தில் வளாகம் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். வெயிலில் நடந்து துறைக் கட்டடத்தைச் சேர்வது வேறு கதை. கிராப் பிடியுங்கள். சன்வேக்கு செத்தியா ஜெயாவில் இறங்கி பி.ஆர்.டி. பேருந்து. செமினிக்கு காஜாங் வரை ரயில், பிறகு கிராப். கொமுட்டர் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணியோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே ஈப்போவிலிருந்து பாங்கிக்கு நாலரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பேட்டியைப் பிற்பகல் 2.30க்குக் கேளுங்கள். காலை 10 மணிப் பேட்டி என்றால் முதல் நாள் இரவே போய்த் தங்குவதுதான் முறை. தூக்கம் இல்லாதவர் நல்ல கேள்வி கேட்பதில்லை.

கடல் தாண்டுகிறவர்களுக்குச் சுருக்கமாக. பேட்டி ஊடகத்துக்கு என்றால் சுற்றுலா விசாவில் போகலாமா என்பதைத் தூதரகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். அமெரிக்காவும் இந்தியாவும் செய்தியாளர்களுக்குத் தனி விசா வகை வைத்திருக்கின்றன. கடவுச்சீட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கட்டும். மின்சேமிப்பான் (பவர் பேங்க்) கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-மணிக்குள், 20,000 எம்.ஏ.எச். என்பது சுமார் 74 வாட்-மணி, ஆகவே கவலையில்லை. பிரிட்டனில் நம் மூன்று முனைச் செருகியே போதும், அமெரிக்காவில் மாற்றி வேண்டும். அன்பளிப்பாகத் தம்புன் பம்ப்ளிமாஸ் கொண்டுபோக நினைத்தால் உள்நாட்டுக்கு மட்டும் கொண்டுபோங்கள். அமெரிக்கச் சுங்கத்தில் பழம் பறிபோகும். முன்கூட்டிக் காணொளியில் பேசுவதென்றால், கோடையில் கலிஃபோர்னியா நமக்கு 15 மணி நேரம் பின்னால், குளிரில் 16. இங்கே காலை 8 என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 5 அல்லது 4. மார்ச், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் வாரங்களில் இருமுறை சரிபாருங்கள். வீட்டில் இணையம் இழுபறி என்றால் ஊரில் உள்ள நாடி மையத்தைக் (அரசின் சமூக இணைய மையம்) கேட்டுப் பார்க்கலாம்.

ஒலிப்பதிவு

இரண்டு கருவி. ஒன்று தனி ரெக்கார்டர், மற்றது விமானப் பயண நிலையில் வைத்த கைப்பேசி. கைப்பேசியை மட்டும் நம்பினால் நாற்பதாவது நிமிடத்தில் யாராவது அழைப்பார்கள். சில கைப்பேசிகளில் பதிவு அங்கேயே நின்றுவிடும், திரும்பத் தொடங்காது. வேவ் வடிவில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். இரட்டைத் தடத்தில் மணிக்குச் சுமார் ஒரு கிகாபைட் எடுக்கும். 32 கிகாபைட் அட்டை தாராளம். புது மின்கலம் போட்டுப் போங்கள், ஒரு செட் மிச்சம் வையுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, குளிர்சாதனக் காற்று நேராக அடிக்காத இடத்தில் இருக்க வேண்டும். குளிர்சாதனத்தை அணைக்கச் சொல்லாதீர்கள். இருபது நிமிடத்தில் அறை வெந்துவிடும், பேட்டி சுருங்கிவிடும். ஓய்வுபெற்றவரின் வீட்டில், தகரக் கூரையின் கீழ் என்றால், பிற்பகல் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். தகரத்தில் பெய்யும் மழையை எந்த மென்பொருளும் சுத்தமாக நீக்காது. உட்கார்ந்தவுடன் முப்பது வினாடி பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தேதி, இடம், இருவர் பெயர் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்தில் குரலாகவே சொல்லிவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் இரண்டு பிரதி: பதிவு செய்ய, எழுத்துப்படி எடுக்க, வெளியிட, பாதுகாத்து வைக்க என்று நான்குக்கும் தனித்தனிக் கட்டம். எந்தத் தேதி வரை அவர் ஒரு பகுதியை விலக்கிக்கொள்ளலாம் என்றும் எழுதுங்கள்.

கேட்பது

முதல் கேள்வி ஆண்டைக் கேட்பதாக இருக்கக் கூடாது, இடத்தைக் கேட்பதாக இருக்கட்டும். “நீங்கள் முதன்முதல் வேலை செய்த ஆய்வகத்துக்குள் நுழைந்தால் வலப்பக்கம் என்ன இருந்தது?” 1980களில் சாட்சிகளை விசாரிக்க ஃபிஷர், கைசல்மன் இருவரும் உருவாக்கிய முறையின் அடிப்படையே இதுதான்: சூழலை மனத்தில் திரும்ப வரவழைக்கச் செய், பிறகு குறுக்கிடாமல் சொல்லவிடு. பதில் முடிந்தது போலத் தோன்றும்போது மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்கு மௌனம் மரியாதைக் குறைவாகப் படும். உடனே ‘ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா’ என்று நிரப்பிவிடுவோம். அதை அடக்கினால் ஏழாவது எண்ணில் அடுத்த செய்தி வரும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் மிகுதியாக வரும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். எனவே மாணவப் பருவம் தானாகவே பொங்கும். அதற்கு இருபது நிமிடம் கொடுத்து, பிறகு நடுவயதுக்கு நீங்கள்தான் இழுத்து வர வேண்டும். கால வரிசைப் பக்கம் அதற்குத்தான். “1994இல் துறை மாறியிருக்கிறீர்கள், அந்த வருடம் எப்படிப் போனது?” என்று கேட்டால் போதும்.

அவர் உறுதியாகச் சொல்வதாலேயே அது அப்படி நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்க அதிபர் நிக்சனைச் சிக்க வைத்த வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் அவருடைய முன்னாள் ஆலோசகர் ஜான் டீன் அளித்த சாட்சியத்தை உளவியலாளர் உல்ரிக் நைசர் 1981இல் வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களோடு ஒப்பிட்டார். ஒட்டுமொத்தமாக நடந்ததன் சாரம் சரி. யார் எந்த நாளில் எந்த வார்த்தையைச் சொன்னார் என்பதெல்லாம் பெரும்பாலும் தவறு. உங்கள் பேராசிரியரும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான். தேதியும் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஆதாரத்திலிருந்து வரட்டும். அவை அவருக்கு என்ன பொருள்பட்டன என்பது அவர் வாயிலிருந்து வரட்டும்.

தோட்டத்து ஊரிலிருந்து போகிறவர் மட்டும் கேட்கக் கூடிய கேள்விகளும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு வராதீர்கள். 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் மூவரும் சுட்டிக்காட்டியபடி, உளவியல் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் சுமார் 96 விழுக்காட்டினர், உலக மக்களில் 12 விழுக்காட்டினர் மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். மலேசிய ஆய்வாளரிடம் கேளுங்கள்: நீங்கள் பயன்படுத்திய வினாநிரலை எந்த மொழியில் கொடுத்தீர்கள்? தமிழ் மட்டும் படித்த பால்மரத் தொழிலாளி அதற்கு எப்படிப் பதில் சொன்னார்? யார் மொழிபெயர்த்தார், திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்தார்களா? லயத்தில் வளர்ந்த பிள்ளையின் மதிப்பெண்ணை யாருடைய சராசரியோடு ஒப்பிட்டீர்கள்? இங்கே நல்ல ஆய்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு பேசத் தொடங்குவார்.

கேட்கக் கூடாதது: நோயாளிகள். பெயரை மாற்றிச் சொன்னாலும் வேண்டாம். “ஒரு தோட்டத்து மண்டோரின் மகள், ஆசிரியை” என்றால் இந்த ஊரில் யாரென்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். தற்கொலை பற்றிய ஆய்வாளர் என்றால், வழிமுறை விவரம் பேட்டியில் வந்தாலும் அச்சில் வரக் கூடாது.

திரும்பி வந்த பிறகு

ரயிலிலேயே குறிப்பெழுதத் தொடங்குங்கள்: அறை எப்படி இருந்தது, எந்தக் கேள்விக்கு முகம் மாறியது, பதிவை நிறுத்திய பிறகு என்ன சொன்னார். கடைசி வகையை வெளியிட அவரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அன்றிரவே ஒலிக்கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்துப்படியாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் புரளும் நம் பேச்சில் தானியங்கி மென்பொருள் பெயர்களையும் எண்களையும்தான் முதலில் குழப்பும். அதன் படியை வைத்துக்கொண்டு ஒலியை முழுதாக ஒருமுறை கேட்டே ஆக வேண்டும். உணர்வுபூர்வமான பதிவை இலவசத் தளங்களில் ஏற்ற வேண்டாம்; சொந்தக் கணினியில் ஓடும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

அச்சுக்கு முன் அவருடைய மேற்கோள்களை மட்டும் அனுப்பி, இரண்டு வாரக் கெடு கொடுங்கள். உண்மைப் பிழையைத் திருத்தலாம், நடையை மாற்றி எழுத முடியாது என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது. சிலர் முழுக் கட்டுரையையும் அடித்துத் திரும்ப எழுதி அனுப்புவார்கள். அப்போது ஒலிப்பதிவில் அந்த இடத்தின் நிமிடத்தைக் குறிப்பிட்டுப் பணிவாகப் பதில் எழுதுங்கள். மலர் வந்ததும் இரண்டு பிரதி அஞ்சலில் போகட்டும்; தமிழ் படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் பகுதியின் ஆங்கிலச் சுருக்கம் ஒரு பக்கம் உள்ளே வைத்து அனுப்புங்கள்.